ஏழு நாள் அவகாசம்

"கண்ணை மூடிக்கோங்க ஐயா, நான் சொல்றவரைக்கும் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளிடம் போய்விட்டாள், சொட்டு மருந்து இமையோரத்தில் கசிந்து கன்னத்தில் இறங்கியது, நான் அழுகிறேன் என்று யாராவது நினைக்கலாம், நினைத்துவிட்டுப் போகட்டும், இந்த ஹாலில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரும் கன்னத்தில் ஈரத்தோடுதான் இருக்கிறார்கள், ஏதோ கூட்டுச் செபம் நடக்கிற மாதிரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு, நாலு தடவை, கண்பாப்பா நன்றாக விரிந்தால்தான் டாக்டர் உள்ளே பார்ப்பார், விழித்திரையில் எங்கே ரத்தம் கசிகிறது என்று பார்ப்பார். இருபது வருஷச் சர்க்கரை. போன மாதம் கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டி எல்லாக் கோடும் நேராகத் தெரிகிறதா என்று கேட்டார்கள், நடுவில் கோடுகள் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தன, நான் நேராகத்தான் தெரிகிறது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்தில் நின்ற ரெஜினா, "ஏங்க, பொய் சொல்லாதீங்க, நேத்து பேப்பர்ல வரி வளையுதுன்னு சொன்னீங்கல்ல" என்றாள். நாற்பத்தோரு வருஷம் கூட இருக்கிற மனைவி, அவளுக்குத் தெரியும். இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள், மடியில் என் ஃபைலை வைத்துக்கொண்டு, அதன் பிளாஸ்டிக் உறையை விரலால் தட்டுகிற சத்தம் கேட்கிறது. வேம்பாரில் பிறந்து, லத்தீன் படித்து, பாளையங்கோட்டையில் சாமியார்கள் நடத்துகிற ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற முனைவர் கஸ்பார் ராயன், வயது அறுபத்தேழு, இடது கண் முதலில், வலது கண் அடுத்த மாதம். ஃபைலில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, லத்தீனைத் தவிர.

லத்தீன் செமினாரியில் வந்தது, சாமியாருக்குப் படிக்கும்போது. இருபத்துமூன்று வயதில் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது கையில் இருந்தது அது ஒன்றுதான், அந்த மொழியை வைத்துக்கொண்டு இந்த ஜில்லாவில் என்ன செய்ய முடியும், சாமியாராகலாம், அல்லது என்னைப்போல எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பாரிஸில் போய்க் குடியிருக்கலாம். "நாயக்கர் காலம் பண்ணக் கூடாதா சார், இங்கயே கல்வெட்டு கிடக்குல்லா" என்று துறையில் கேட்காத ஆள் கிடையாது. மத்தியகால ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள், அங்கே தத்துவம் நடத்திய ஆசிரியர்களுக்கும் இறையியல் நடத்திய ஆசிரியர்களுக்கும் நடந்த சண்டை, அதுதான் என் படிப்பு, அதற்கு இங்கே இரண்டு காதுகூடக் கிடைக்கவில்லை. அங்கேயும் கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. பெல்ஜியத்தில் ஒரு கருத்தரங்கு, வாழ்நாளில் முதல் விமானம், இருபது நிமிஷக் கட்டுரையைப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள், கேள்வி நேரத்தில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் எழுந்தார், ஆட்சேபம் சொல்லப்போகிறார் என்று நான் பேனாவைத் திறந்துகொண்டேன், அவர் மிகுந்த அன்போடு, உங்கள் லத்தீன் உச்சரிப்பு அழகாக இருக்கிறது, மிஷனரிகளிடம் கற்றீர்களா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் தாடையில் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. என் வாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு எதிர்ப்பு, அதைக்கூட அவர்கள் எனக்குத் தரவில்லை. அந்தக் காலத்துப் பாரிஸில் எதிர்ப்பதுதான் மரியாதை, ஒருவன் ஒரு கேள்வியை எடுத்தால் முதலில் எதிராளியின் கட்சியைச் சொல்ல வேண்டும், எதிராளியைவிட நன்றாகச் சொல்ல வேண்டும், பிறகுதான் தன் பதில். நான் அதை வகுப்பில் சொல்லும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள் ஒருத்திதான், அவள் மாணவி இல்லை, தத்துவத் துறையில் தற்காலிக விரிவுரையாளர், தன் ஓய்வு நேரத்தில் வந்து உட்காருவாள்.

"ஏட்டி சுகி!" என்று ரெஜினா கூப்பிட்டாள்.

கண்ணைத் திறந்திருப்பேன். இமை ஒட்டிக்கொண்டிருந்ததோ, நான்தான் இறுக்கிக்கொண்டேனோ. சுகி. சுகிர்தா. நினைத்துக்கொண்டிருக்கும்போதே பெயர் காதில் விழுந்தால் முதலில் நம் நினைப்புதான் வெளியே கேட்டுவிட்டதோ என்று பயம் வருகிறது, அப்புறம் அந்தக் குரல், "அக்கா, இங்கனயா இருக்கீக, நான் அந்தப் பக்கம் தேடிட்டு வாரேன்", அதே குரல், வார்த்தையின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் அழுத்துகிற குரல், பதினாலு வருஷம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லை. இந்த ஜில்லாவில் கண் மங்கினவர்கள் எல்லோரும் வருகிற ஆஸ்பத்திரி இது, அவள் வரக் கூடாது என்று ஒன்றும் இல்லை. நான் தலையைச் சுவரில் சாய்த்து வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டேன், தூங்குகிற மனுஷன் அப்படித்தான் இருப்பான். "அம்மைக்குப் பேரு கூப்பிட்டாச்சா?" "இல்லக்கா, பிரஷர் கூட இருக்குன்னு உக்காத்தி வச்சிருக்காங்க. கொறஞ்சாத்தான் ஆப்பரேஷனாம்." "அந்த மாத்திரய விட்டுட்டாகளா திரும்ப?" "ஆமா, தலை சுத்துதுன்னு." "நான் சொன்னேம்லா." ரெஜினா நகர்ந்து இடம் கொடுத்தாள், பெஞ்சு அசைந்தது, ரெஜினாவுக்கு அந்தப் பக்கம், எனக்கு ஒரு ஆள் தள்ளி, அவள் உட்கார்ந்துவிட்டாள். "சார் தூங்குதாகளா?" "மருந்து விட்டிருக்கு."

பதினாலு வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? எப்படி இருக்கே, எங்கே இருக்கே, பிள்ளைகள் எத்தனை. ரெஜினா ஒன்றும் கேட்கவில்லை. ஏட்டி என்றாள். ஏட்டி என்று ரெஜினா தன் தங்கைகளைத்தான் கூப்பிடுவாள். அந்த மாத்திரை என்றாள், எந்த மாத்திரை, அவள் அம்மாவின் பிரஷர் மாத்திரை இவளுக்கு எப்படித் தெரியும்? என் நினைப்பு அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது, முள்ளில் வேட்டி மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும். பெண்கள் பேச்சு அப்படித்தான், இரண்டாவது நிமிஷமே மாத்திரைக்குப் போய்விடுவார்கள், அதற்கு அர்த்தம் கிடையாது. நான் சொன்னேம்லா என்றாளே, எப்போது சொன்னாள்?

அந்தத் தாளைப் பற்றி நினைக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது நினைக்கவே கூடாது, மூடினால் அதுதான் தெரிகிறது, கல்லூரி நோட்டீஸ் போர்டில் நாலு குண்டூசியில் நிற்கிற ஒரு தாள். ஆயிரத்து இருநூற்று எழுபத்தேழாம் வருஷம் பாரிஸின் பிஷப் ஒரு பட்டியல் போட்டார், பல்கலைக்கழகத்தில் இனி யாரும் சொல்லக் கூடாத இருநூற்றுப் பத்தொன்பது கருத்துகள். உலகத்துக்குத் தொடக்கம் இல்லை என்று சொல்லக் கூடாது, தத்துவம் படிப்பதைவிடச் சிறந்த வாழ்க்கை இல்லை என்று சொல்லக் கூடாது, மற்ற மதங்களைப் போலவே நம் மதத்திலும் கட்டுக்கதைகள் உண்டு என்று சொல்லக் கூடாது. சொன்னவன் மட்டும் இல்லை, கேட்டுக்கொண்டிருந்தவனும் ஏழு நாளைக்குள் தானாக வந்து ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திருச்சபைக்கு வெளியே. நான் அதில் இருபது வரிகளைத் தமிழில் ஆக்கி வைத்திருந்தேன், சும்மா, மொழிக்கு வருகிறதா என்று பார்க்க. சுகிர்தா கேட்டாள், "சார், இதைப் பிள்ளைகளுக்கு விவாதம் பண்ணக் குடுக்கட்டுமா, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்சி எதிர்க்கட்சி?" கொடு என்றேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். தலைப்பில் தடைசெய்யப்பட்ட கருத்துகள் என்று பெரிய எழுத்தில் டைப் அடித்து ஒட்டினாள், என் பெயரையும் போடவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன், அடக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன். எவனோ ஒரு வரியை மட்டும் செல்போனில் படம் எடுத்து அனுப்பிவிட்டான். நம் மதத்திலும் கட்டுக்கதைகள் உண்டு. தலைப்பு படத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பங்குக் கோயில்களில் பிரசங்கத்தில் வந்தது, திங்கட்கிழமை கல்லூரி வாசலில் முப்பது பேர், செவ்வாய்க்கிழமை விசாரணைக் கமிட்டி. செயலாளர் ஃபாதர், துணை முதல்வர், விஷயம் தெரிந்தவர் என்ற முறையில் நான்.

நான் குற்றவாளி இல்லை என்றே தோன்றுகிறது. பாரிஸில் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள், தோன்றுகிறது என்று. ஏனென்றால் ஒட்டியது நான் இல்லை. மேலும், என்னை யாரும் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதவன் பொய் சொன்னவன் ஆக மாட்டான். மேலும், நான் சொல்லியிருந்தாலும் அவளை விட்டிருக்க மாட்டார்கள், இரண்டு பேர் போயிருப்போம், ஒருவர் போவதைவிட இரண்டு பேர் போவது கூடுதல் நஷ்டம். மேலும் என் விடுப்பு மனு, பாரிஸ் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு வருஷம், இருபது வருஷமாகக் காத்திருந்த ஒரு வருஷம், அது அதே மேசையில், ஃபாதரின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில், கையெழுத்துக்குக் கிடந்தது, எனக்கு அதன் மூலை தெரிந்துகொண்டே இருந்தது, பச்சை நூல் கட்டிய மூலை. ஆனால் இதற்கு எதிராக—

"தலைய நிமித்துங்க ஐயா." இரண்டாவது சொட்டு. குளிர்ந்து, பிறகு எரிந்தது. தூங்குகிறவனாக இருந்த நான் விழிக்க வேண்டியதாயிற்று, நர்ஸ் கட்டைவிரலால் இமையை விலக்கிய ஒரு கணம் வெளிச்சம் சுண்ணாம்பு மாதிரி கொட்டியது, அதற்குள் ஓரத்தில் ஒரு நீலச் சேலை, முகம் இல்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் கண்ணின் பள்ளம். மறுபடி இருட்டு. "கூட யாரு வந்திருக்கா?" "நான்தாம்மா, அவங்க வீட்டம்மா." "அட்டையில சீல் வாங்கலையே, கவுன்ட்டர்ல வாங்கிட்டு வாங்க." ரெஜினா எழுந்தாள், ஃபைலை எடுத்தாள், "ஏட்டி, சாரப் பாத்துக்க, எந்திரிச்சு நடந்துராம" என்றாள், செருப்புச் சத்தம் கூட்டத்தில் கலந்து போயிற்று. இப்போது நடுவில் ஒரு காலி இடம், அதற்கு அப்பால் அவள்.

அன்றைக்குக் கமிட்டி அறையில் ஃபாதர் கேட்டார், "இத மொழிபெயர்த்தது யாரு?" அவள் என்னைப் பார்த்தாள். பத்து விநாடி இருக்கும், மின்விசிறி மூன்று தடவை கடகடத்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு இருக்கிற முகம். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள், "ஒட்டினது நான்தான் ஃபாதர்" என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அந்த அறையில் அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான், மற்ற இரண்டு பேரும் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று குறித்துக்கொண்டார்கள். பொய் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். "கஸ்பார், ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க, அவங்க வாசிக்கட்டும், பிரச்சனை முடிஞ்சிரும்" என்றார் ஃபாதர். எனக்குத் தெரியும்தான். மத்தியகால ஆசிரியர்கள் தங்கள் கருத்தை மறுதலித்து வாசித்த பத்திரங்களை நாற்பதுக்கு மேல் படித்தவன் நான், எந்தச் சொல் எங்கே வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் எழுதினேன். எவருடைய தூண்டுதலும் இன்றி, முழுக்க என் சொந்த அறியாமையால். எவருடைய தூண்டுதலும் இன்றி என்ற சொற்கள் ஃபாதர் கேட்டதில் இல்லை, நான் போட்டது, பழைய பத்திரங்களில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போட்டது. வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அவள் எழுந்து வாசித்தாள், அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடியும் அதே வரியை முதலிலிருந்து வாசித்தாள். ஜூனில் அவள் வேலையைக் கல்லூரி புதுப்பிக்கவில்லை. ஏழு நாள். கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் ஷேவ் பண்ணும்போது இன்றைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், எட்டாம் நாள் காலையில் ஷேவ் பண்ணும்போது அந்த நினைப்பு வரவில்லை, எவ்வளவு லேசாக இருந்தது, அந்த லேசுதான் இன்றுவரை கனக்கிறது.

கூட்டம் முடிந்து மாடிப்படியில் இறங்கும்போது பின்னால் வந்தாள். நான் வேகமாக இறங்கினேன், முழங்கால் வலியோடு. "சார்," என்றாள், "ஒண்ணு சொல்லணும். நீங்க படிக்கிற அந்த விசாரணைகள்ல தீர்ப்பு எழுதினவங்க இருக்காங்கல்லா, அவங்கதான் மொதல்ல அந்தப் பாடத்தை நடத்தியிருப்பாங்க. தேடிப் பாருங்க சார்." அது வசவு. வேறு எந்த மொழியிலும் யாரும் என்னை அவ்வளவு நன்றாக வைததில்லை. வீட்டுக்குப் போனேன், சாப்பிடவில்லை, அப்புறம் என்ன செய்தேன்? தேடினேன். கடவுளே, நான் தேடினேன். விடுப்பில் போன அந்த ஒரு வருஷமும் அதைத்தான் தேடினேன், பாரிஸ்கூட இல்லை, அதைவிடச் சின்ன ஒரு ஊரின் பல்கலைக்கழகம், பெயர் தெரியாத ஒரு இளம் ஆசிரியனை ஐந்து பேர் விசாரித்து வாய் மூடவைத்த ஒரு வழக்கு, அந்த ஐந்து பேரில் ஒருவருடைய இளமைக்கால வகுப்புக் குறிப்பேடு, அதன் ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே அதே கண்டிக்கப்பட்ட வாக்கியம். ஜி எழுத்தின் வாலை இடதுபக்கம் சுழிக்கிற கை, தீர்ப்பிலும் அதே வால். அதைப் பார்த்த அன்று காப்பகத்தின் நாற்காலியில் எனக்கு வியர்த்துக் கொட்டியது, பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். பிறகு நான் எழுதிய புத்தகத்தின் ஏழாவது அத்தியாயம் அது. என் மற்ற எல்லாவற்றையும் கண்டுகொள்ளாதவர்கள் அதைக் கொண்டாடினார்கள், மனித மனத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒரு சரித்திரக்காரர் என்று ஒரு மதிப்புரை, அதை வெட்டி வைத்திருக்கிறேன், பீரோவில், இன்னும். நன்றியுரையில் பதினெட்டுப் பெயர்கள். பாரிஸில் எனக்கு அறை தந்த வீட்டுக்காரியின் பெயர் உண்டு. சுகிர்தாவின் பெயர் இல்லை.

"சார், தூங்கலைன்னு தெரியும்" என்றாள் சுகிர்தா.

காலி இடத்துக்கு அப்பாலிருந்து, சத்தமே இல்லாமல், சாதாரணமாக. நான் வாயை மூடினேன். "கொரட்டை விடுற ஆளு சார் நீங்க, செமினார்லயே விடுவீங்க." எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "நல்லா இருக்கியாம்மா" என்றேன், குரல் எங்கேயோ இருந்து வந்தது. "இருக்கேன் சார். களக்காட்டுல ஒரு ஸ்கூல்ல சோஷியல் எடுக்கேன், பத்தாம் வகுப்பு. உலகப் போர், பட்டிமன்றம் மாதிரி நடத்துவேன்." யாரோ ஒரு கிழவர் இருமினார், கவுன்ட்டரில் பெயர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒங்க புக்கப் படிச்சேன் சார். ஏழாம் அத்தியாயம் நல்லா வந்திருக்கு." அவ்வளவுதான். ஒரு ஆசிரியர் இன்னொரு ஆசிரியரிடம் சொல்வதுபோல, பாராட்டாகவே சொன்னாள், அதில் குத்தல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன், இல்லை. குத்தல் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், அதைத் தொற்றிக்கொண்டு மேலே ஏறி வந்துவிடலாம். மூடிய கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ மிதந்தது, அது ரத்தமா வெளிச்சமா தெரியவில்லை, இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போது, முகத்தைப் பார்க்காமல் சொல்கிற வாய்ப்பு எல்லோருக்குமா கிடைக்கும், பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட சாமியாருக்கும் நமக்கும் நடுவில் ஒரு தட்டி இருக்கிறது. சொன்னேன். "சுகிர்தா, அந்தத் தாள் நான் மொழிபெயர்த்தது. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்."

 நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி, பதினாலு வருஷக் கல்லை இறக்கி வைத்துவிட்ட மாதிரி, நான் மன்னிப்பை எதிர்பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது, பரவாயில்ல சார் என்று அவள் சொல்வாள், நான் இல்லம்மா என்பேன், கண்ணில் இருக்கிற மருந்தோடு நிஜக் கண்ணீரும் கொஞ்சம் சேரும். "சார்," என்றாள், "இத யார்கிட்ட சொல்லுதீங்க?" "ஒன்கிட்டதான்." "எனக்குத்தான் தெரியுமே சார்." அலுப்பாகச் சொன்னாள், ஒரே கணக்கை மூன்றாவது தடவை போட்டுக் காட்டுகிற அலுப்பு. "அந்தக் காலேஜ்ல அது தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தி. என்கிட்ட வந்து சொல்லுதீங்க. அந்த ஃபாதர் இப்பவும் இருக்காரு, மதுரையில. காலேஜ் இருக்கு. அந்த ஃபைல்ல என் பேருலதான் இப்பவும் அது இருக்கு, போன வருஷம்கூட ஒரு காலேஜ்ல வேலைக்குப் போட்டேன், விசாரிச்சாங்க, வேண்டாம்னுட்டாங்க." உடம்பு முடியல, வயசாயிற்று, கண் தெரியவில்லை, எழுத முடியாது, எல்லாப் பதிலும் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் தோன்றுகிறது என்று ஆரம்பித்தது. "சுகிர்தா, நான் வேணும்னா ஒரு லெட்டர்" என்று ஆரம்பித்தேன். "வேணும்னாவா?" என்றாள். அந்த இடத்தில்தான் அவள் குரல் முதல்முறையாக உடைந்தது, உடனே சரியாகிவிட்டது. "அம்மையக் கூப்பிடுதாங்க, வாரேன் சார்." எழுந்து போய்விட்டாள். யாரும் கூப்பிட்ட மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

ரெஜினா வந்தாள். அவள் புடவையில் ஆஸ்பத்திரி காப்பி வாசனை, கையில் தம்ளர், என் விரல்களைப் பிடித்து அதில் வைத்தாள். "சுகி எங்க?" "அவங்க அம்மாகிட்ட." "என்ன பேசிட்டிருந்தீங்க?" பழைய கதை என்று சொல்ல வாய் எடுத்தேன். காப்பி சுட்டது. சொல்லிவிடலாம், இவளிடமாவது சொல்லலாம், இவளுக்குத் தெரியாது, தெரியாதவளிடம் சொன்னால்தானே அது சொன்னது, அந்தப் பெண் கேட்டதும் அதுதானே. "ரெஜினா," என்றேன், "அந்த நோட்டீஸ் விவகாரம் ஞாபகம் இருக்கா, சுகிர்தா வேலை போச்சே." "ம்." "அத எழுதினது நான்." தம்ளரை நான் சாய்த்துவிட்டேன் போல, அவள் கை வந்து அதை நிமிர்த்தியது. அந்தக் கை அவசரப்படவில்லை, அதிரவும் இல்லை, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் காது கேட்க மறுத்தது. "சாப்பாட்டு மேசையில வச்சுத்தான எழுதினீங்க" என்றாள். "நான் கீரை ஆய்ஞ்சிட்டிருந்தேன். ஒவ்வொரு வரியா வாசிச்சுக் காட்டினீங்க. புனைவுகள்னு போட்டிருந்தீங்க. அது யாருக்குங்க புரியும், கட்டுக்கதைன்னு போடுங்கன்னு நான்தான் சொன்னேன். ஆகா ரெஜினான்னு சொல்லி அடிச்சுட்டு எழுதினீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. எழுநூறு வருஷத்துக்கு முந்தின ஒருவன் ஜி எழுத்தை எந்தப் பக்கம் சுழித்தான் என்று தெரிகிறது, என் வீட்டு மேசையில் கீரை இருந்தது ஞாபகம் இல்லை, அந்தச் சொல் என் சொல், நல்ல சொல் என்றுதான் இத்தனை வருஷமும் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வைத்திருந்தேன், அவ்வளவு நாசத்துக்கும் நடுவில். "நீ ஏன் அப்பவே என்கிட்ட…" "நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். தெனமும் காலேஜ் விட்டு வரும்போது ஒங்க மூஞ்சியப் பாப்பேன், இன்னைக்குச் சொல்லிட்டு வந்துட்டாரான்னு. ஒரு வாரம் பாத்தேன்." காப்பியை ஒரு வாய் அவளே குடித்தாள் என்று நினைக்கிறேன். "அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை நீங்க மத்தியானம் தூங்கினீங்க, நான் பஸ் புடிச்சு அவ வீட்டுக்குப் போனேன். அந்தச் சொல்லு என்னோடது, அவரோடதுகூட இல்லன்னு சொன்னேன். காலேஜுக்கே வந்து ஃபாதர்கிட்ட சொல்லுதேன்னேன். அவ வேண்டாம்னுட்டா. ஒங்களுக்கு அந்தப் பாரிஸ் லீவு நின்னுரும், அது மட்டும் ஒங்களுக்குக் கெடைக்கட்டும்னா." "அவளா?" "அவதான். அதுலருந்து மாசம் ஒருக்கா போவேன்."

மாசம் ஒருக்கா. பதினாலு வருஷம். ரெஜினா அன்னம்மா சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று போன சனிக்கிழமைகள், நான் கதவைச் சாத்திக்கொண்டு ஏழாவது அத்தியாயம் எழுதிய சனிக்கிழமைகள். "நான் மட்டும் யோக்கியம் இல்லங்க," என்றாள், "நானும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன், ஒங்களுக்குச் சோறும் போட்டுக்கிட்டு. ஆனா அவ மூஞ்சியப் பாத்தேன். ஒங்களால அது முடியல." கோபமாகச் சொன்னால் எதிர்த்துப் பேசலாம். முப்பது வருஷம் இரண்டு கட்சியையும் நன்றாகச் சொல்லப் பழகியவன், எனக்கு எந்தக் கட்சியும் கிடைக்கவில்லை, வாயில் காப்பியின் சர்க்கரை இல்லாத கசப்பு, சர்க்கரை போடக் கூடாது, அவள் எதையும் மறப்பதில்லை. "நான் எழுதித் தாரேன்," என்றேன், "ஃபாதருக்கு, காலேஜுக்கு, எல்லாத்தையும், நான் சொல்லச் சொல்ல நீ எழுது, எனக்குக் கண்ணு…" "நான் எழுத மாட்டேன்" என்றாள் ரெஜினா. "வளைஞ்சாலும் பரவால்ல, நீங்களே எழுதுங்க."

தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெஞ்சு லேசானது. "எங்க போற?" "அம்மைக்குப் பிரஷர் எறங்கிச்சான்னு பாத்துட்டு வாரேன்." செருப்புச் சத்தம் பத்தடி போய் நின்றது, வலதுபக்கம், எதிர் வரிசையில் எங்கேயோ. நான் கண்ணைத் திறந்தேன், திறக்கக் கூடாது, திறந்தேன், வெள்ளை வெளிச்சமும் அதற்குள் அசைகிற நிறங்களும், மூன்று நிறங்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன, அதில் ஒன்று நீலம், யார் யார் தோளில் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மறுபடி மூடிக்கொண்டு காதைக் கொடுத்தேன். ரெஜினாவின் குரல், சுகிர்தாவின் குரல், நடுவில் பல் இல்லாத ஒரு வயசான குரல். இப்போது என்னைப் பற்றிப் பேசுவார்கள், திட்டுவார்கள், பாவம் என்பார்கள், ஒப்புக்கிட்டாரு என்பார்கள், எதுவானாலும் சரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னே போடணுமா பின்னே போடணுமா. களக்காடு பஸ் மூன்றரைக்கா நாலுக்கா. ஆப்பரேஷன் முடிந்தால் எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது. அந்த வயசான அம்மாள் என்னமோ சொல்ல இரண்டு பேரும் சிரித்தார்கள். நர்ஸ் வந்து மீதி இரண்டு சொட்டும் விட்டு முடிக்கிறவரைக்கும் கேட்டேன், என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.